ஊத்துச்சரிவின் அடியில்

பூமாரிக்கு ஆராய்ச்சி செய்ய மலை கிடைத்துவிட்டது. மலைக்குள் இருக்கிற தண்ணீரை அளக்கத்தான் வழி கிடைக்கவில்லை.

அது எழுபத்து மூன்றாம் வருஷத்தின் தொடக்கம். திருச்சூருக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் பிரிவில் எம்.டெக். படித்துக்கொண்டிருந்தாள். சொந்த ஊர் சூரியநெல்லிக்கு மேலே உள்ள ஒரு தேயிலை எஸ்டேட். அப்பா பெரியமுத்துவுக்குப் பாக்டரியில் வேலை. தொழிற்சங்கத்தின் கிளைச் செயலாளரும் அவர்தான். அம்மா சாந்தம்மாள் கொழுந்து பறிப்பவள். அந்த எஸ்டேட்டிலிருந்து காலேஜுக்குப் போன முதல் பெண் என்று யாராவது சொன்னால் பூமாரிக்குப் பிடிக்காது. "போனது பெரிசில்ல. போயி என்ன செஞ்சேன்னு கேளுங்க" என்பாள்.

மழைக்காலத்தில் மலைச்சரிவு ஏன் இறங்குகிறது என்பது அவள் எடுத்துக்கொண்ட விஷயம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குக் கிழக்கே இருந்த ஊத்துச்சரிவைத் தேர்ந்தெடுத்தாள். சின்ன வயசில் குடத்தோடு ஏறி இறங்கிய இடம். கோடையிலும் அங்கே தண்ணீர் கசியும். அதனால்தான் அந்தப் பெயர். தேயிலைக்கு அந்த ஈரம் ஆகாது என்று கம்பெனி அதைச் சும்மா விட்டிருந்தது. யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடம், ஆராய்ச்சிக்கு வசதி. அவ்வளவுதான் அப்போது அவள் நினைத்தது.

சரிவில் துளை போட்டுக் குழாய் இறக்கி, அதில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்ப்பதுதான் வழக்கம். அவளுடைய வழிகாட்டி வாரியர் சார் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார்.

"அது களிமண். அதில் தண்ணீர் ஊறி உன் குழாயில் ஏறுவதற்கு நாலைந்து நாள் ஆகும். அதற்குள் மழையும் விட்டிருக்கும், மலையும் இறங்கியிருக்கும். மழை பெய்யும்போதே மண்ணுக்குள் அழுத்தம் எப்படி மாறுகிறது என்று தெரிய வேண்டும்."

"அதுக்குக் கருவி இருக்கா சார்?"

"வெளிநாட்டில் இருக்கிறது. இங்கே வரவழைப்பதற்குள் நீ பாட்டியாகிவிடுவாய். எலக்ட்ரிக்கல் பிரிவில் கேட்டுப் பார். அவர்கள் நம்மோடு சேர்ந்து டீகூடக் குடிக்க மாட்டார்கள், ஆனாலும் கேட்டுப் பார்."

எலக்ட்ரிக்கல் சோதனைக்கூடத்தில் ஒருவன் டிரான்ஸ்பார்மர் எண்ணெயைச் சூடுபடுத்திக்கொண்டு, அதையே வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பெயர் மாரப்பன். பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கம் விவசாயக் குடும்பம். நிலக்கடலையும் பருத்தியும் போடுகிற பூமி. பூமாரி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"ஏனுங்க, மண்ணுக்குள்ள தண்ணி எங்க நிக்குதுன்னு தெரியோணுமா, எவ்வளவு அழுத்துதுன்னு தெரியோணுமா?"

பூமாரிக்கு நிம்மதியாக இருந்தது. இந்த இரண்டும் வேறு வேறு என்று அந்தக் கட்டிடத்தில் புரிந்துகொண்ட முதல் ஆள் அவன்தான்.

"அழுத்தந்தான் வேணும்."

"அப்பச் செய்யலாமுங்க."

அவன் காகிதத்தில் வரைந்து காட்டினான். ஒரு பித்தளை டப்பா. அதன் ஒரு முகத்தில் மெல்லிய தகடு. தகட்டின் நடுவிலிருந்து டப்பாவின் அடிவரை ஒரு எஃகுத் தந்தியை இழுத்துக் கட்ட வேண்டும். மண்ணுக்குள்ளிருக்கும் தண்ணீர் தகட்டை உள்ளே அழுத்தினால் தந்தி தளரும். தளர்ந்த தந்தியின் ஒலி இறங்கும். பக்கத்தில் ஒரு காந்தச் சுருளை வைத்துத் தந்தியைச் சுண்டிவிட்டு, மேலேயிருந்து ஹெட்போனில் அந்த ஒலியைக் கேட்டால் போதும். எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அவ்வளவு அழுத்தம்.

விஷயம் எலக்ட்ரிக்கல் துறைத் தலைவர் காதுக்குப் போனது. இதில் மின்சாரம் எங்கே இருக்கிறது, இது தந்தி வாத்தியம் அல்லவா என்றார் அவர். வாரியர் சார் அவர் அறைக்கே போனார். உள்ளே போனதும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே வந்தபோது இருவர் முகமும் சிவந்திருந்தது. ஆனால் முடிவு நல்லதாக இருந்தது: கருவி மாரப்பனின் தீசிஸ், மலை பூமாரியின் தீசிஸ், ஒருவர் எழுதுவதை மற்றவர் எழுதக் கூடாது.

முதல் கருவியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிய மறு நாளே உள்ளே நீர் புகுந்துவிட்டது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதை எடுத்துக்கொண்டு மாரப்பன் ஒர்க்ஷாப் பக்கம் போனபோது, லேத்துக்கு முன்னால் நின்ற மெக்கானிக்கல் மாணவன் சூசையப்பன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நாகர்கோவில் பக்கத்துப் பையன், வாயைத் திறந்தால் மூடாதவன்.

"யாருலே இத ஈயத்த வச்சு ஒட்டினது?"

"நான்தான்."

"கும்பிடுதேன் சாமி. நீ கரண்டு வேலய மட்டும் பாரு. இந்த டப்பா என் பொறுப்பு."

அன்றிலிருந்து அவனும் சேர்ந்துகொண்டான். ஒற்றைப் பித்தளைக் கட்டியைக் கடைந்து, தகட்டையும் உடம்பையும் ஒன்றாகவே விட்டு, ஒட்டே இல்லாமல் செய்தான். தந்திக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது மாரப்பன் ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போகிற வழியில் கல்பாத்தியில் இறங்கி, வாத்தியக் கடையில் வீணைத் தந்தி கேட்டான். கடைக்காரர் இவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாராண்ட பாடம்?" என்று கேட்டிருக்கிறார். என்ன சொல்வதென்று தெரியாமல், "வாரியர் சார்கிட்டங்க" என்று சொல்லிவிட்டு வந்தானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சூசையப்பன் ஒரு மாதம் சிரித்தான்.

மழைக்கு முன்னால், மே மாதக் கடைசியில், மூன்று பேரும் கருவிகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் மாறி மாறி எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பையன்கள் இருவரும் சங்க ஆபீசில் படுத்துக்கொள்ள ஏற்பாடு. சாப்பாடு பூமாரி வீட்டில். வீடென்றால் ஒரு அறை, ஒரு அடுப்படி.

"தம்பி, கூச்சப்படாமச் சாப்பிடுங்க" என்றாள் சாந்தம்மாள்.

"போதுமுங்கம்மா. வவுறு நெறஞ்சு போச்சுங்க."

சாந்தம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "இந்தத் தம்பி என்ன, நம்மகிட்டப் பேசுதா, மாவட்டக் கலெக்டர்கிட்டப் பேசுதா?"

சரிவில் மேலே ஒன்று, நடுவில் இரண்டு, அடியில் ஒன்று என்று துளை போட்டுக் கருவிகளை இறக்கினார்கள். கையால் திருகும் துரப்பணம். அடித் துளையில் களிமண்ணைத் தாண்டியதும் மக்கிய பாறையும் சரளையும் கலந்த ஒரு அடுக்கு வந்தது. அதைத் தொட்டதும் துளை வழியே தண்ணீர் தானாக மேலே ஏறி வழிந்தது. மழை இன்னும் தொடங்கவேயில்லை. பூமாரி அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தாள். குளிர்ந்து, தெளிவாக இருந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

ஜூன் பிறந்து மழை இறங்கிய வாரத்தில்தான் பெரியமுத்து மூணாறில் நடந்த பேச்சுவார்த்தையிலிருந்து ஒரு பொட்டலம் மிட்டாயோடு திரும்பினார். வருஷக் கணக்காக அவர் அலைந்தது பலித்துவிட்டது. புது வீடுகள் கட்டித் தரக் கம்பெனி ஒத்துக்கொண்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு அறை, தனி அடுப்படி, தனிக் கக்கூஸ். மழை விட்டதும் கடைக்கால் எடுப்பார்கள்.

"எந்த இடத்துலப்பா?" என்று கேட்டாள் பூமாரி.

"ஊத்துச்சரிவுக்குக் கீழ, சமமா இருக்கில்ல, அங்கதான். மேனேஜர் தொரை சொன்னாரு, நாங்களும் சரின்னுட்டோம். பொம்பளைக தண்ணிக்கு நடக்க வேண்டாம் பாரு."

லயம் முழுக்கச் சந்தோஷம். பக்கத்து வீட்டு அழகுத்தாய், மாமியாரும் கொழுந்தனும் பிள்ளைகளுமாக ஒற்றை அறையில் கிடந்தவள், பூமாரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ரெண்டு வீடும் பக்கத்துல பக்கத்துல கேக்கணும்" என்றாள். பூமாரியும் சிரித்தாள். ஆனால் மனசுக்குள் அந்த அடித் துளையிலிருந்து வழிந்த தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது.

ஜூலையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மூவரும் கம்பளியைப் போர்த்துக்கொண்டு, அட்டை கடித்த காலோடு, மாறி மாறிச் சரிவில் ஏறி இறங்கி அளவெடுத்தார்கள். மேல் துளையில் ஒலி கொஞ்சம்தான் மாறியது. அடித் துளையில் மழை வலுத்த சில மணி நேரத்திலேயே ஒலி கிடுகிடுவென்று இறங்கியது. தண்ணீர் மேலேயிருந்து ஊறி வரவில்லை. மலையின் உள்ளேயிருந்து, அந்தச் சரளை அடுக்கு வழியாக வந்து, களிமண்ணைக் கீழேயிருந்து தூக்கிப் பார்த்தது.

கல்லூரிக்குத் திரும்பிப் பூமாரி கணக்குப் போட்டாள். சரிவைப் பிடித்து நிறுத்துகிற பலத்தை, அதைக் கீழே இழுக்கிற பலத்தால் வகுக்க வேண்டும். ஒன்றுக்கு மேலே எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஊத்துச்சரிவுக்கு ஒன்றை ஒட்டி, மயிரிழைதான் மேலே வந்தது. அடியில் வீடு கட்டுவதற்காக மண்ணை வெட்டினால் ஒன்றுக்குக் கீழே போனது. திரும்பப் போட்டாள். திரும்பவும் அதுவே வந்தது.

மாரப்பனிடம் போனாள். "உங்க கருவி தப்புக் காட்டுதான்னு பாருங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "தப்பா இருக்கோணும்னு நெனக்கறீங்களா?"

"ஆமா."

இருவரும் ஊருக்குப் போய் அடித் துளைக் கருவியை வெளியே எடுத்துக்கொண்டு வந்தார்கள். மாரப்பன் அதைத் தொட்டியில் இறக்கி, தெரிந்த ஆழங்களில் எல்லாம் வைத்துச் சோதித்தான். சூசையப்பன் டப்பாவிலும் மூடியிலும் ஈரம் இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தான். கருவி சரியாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல இருவரும் சேர்ந்தே வந்தார்கள். தனியாக வந்து சொல்ல இருவருக்கும் மனசில்லை.

செப்டம்பரில் பூமாரி அப்பாவிடம் சொன்னாள். பாக்டரி முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். கணக்கைச் சொல்லாமல், உள்ளேயிருந்து தண்ணீர் தள்ளுவதையும் அடியை வெட்டினால் என்ன ஆகும் என்பதையும் மட்டும் சொன்னாள். பெரியமுத்து துண்டால் காலைத் துடைத்தார்.

"இது தொரை காதுக்குப் போச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா தாயி? 'உங்க செயலாளர் மகளே வேணாம்னு சொல்லிட்டா'ன்னு பைலை மூடிருவான். இன்னும் பத்து வருஷத்துக்குத் தொறக்க மாட்டான்."

"அதுக்காகச் சொல்லாம இருக்க முடியுமாப்பா?"

"அந்தச் சரிவு எங்க தாத்தா காலத்துல இருந்து நிக்குது."

"நிக்கும்ப்பா. அடிய வெட்டாம விட்டா இன்னும் நிக்கலாம். வெட்டினா நிக்காது."

"அங்க வேணாம்னா எங்கன்னு சொல்லு" என்றார் பெரியமுத்து. குரல் உயரவில்லை; ஆனால் அவர் இப்படி அவளிடம் பேசியதே இல்லை. "வேணாம்னு சொல்லுததுக்குக் கம்பெனில ஆயிரம் பேர் இருக்காக. நீ எங்கன்னு சொல்லு. அதத் தெரிஞ்சுக்கிட்டு எங்கிட்ட வா."

அவள் அழவில்லை. மறுநாள் பஸ்ஸில் போகும்போது கோபம்தான் வந்தது. திருச்சூர் வருவதற்குள் அந்தக் கோபமும் போய், அப்பா கேட்டது நியாயமான கேள்வி என்று தோன்றிவிட்டது. தன் தீசிஸில் அந்தக் கேள்வியே இல்லை என்பதும் தோன்றியது.

வாரியர் சாரிடம் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இது உன் தலைப்பில் இல்லை. கூடுதல் வேலை."

"செய்யுறேன் சார்."

"நீ செய்வாய். அந்த இரண்டு பையன்கள்?"

மாரப்பனிடம் அவள் கேட்பதற்கு முன்னாலேயே அவன் சாக்கை மடித்துக்கொண்டிருந்தான். "உங்க அப்பாரு கேட்டது சரிதானுங்களே. மேக்கால மழை போச்சு, இனி கெழக்கால மழை வரும். அதுக்குள்ள போயி எறக்கிப்போடலாமுங்க." சூசையப்பனோ, தன் செமினாருக்கு இந்தக் கருவியையே எடுத்துக்கொண்டுவிட்டதாகவும், ஆகவே அவர்கள் போகிற இடத்துக்கெல்லாம் வருவது தன் படிப்பின் கட்டாயம் என்றும் சொன்னான்.

எஸ்டேட்டில் சமமான இடம் மூன்றோ நான்கோதான். ஒன்று ஓடைக்கரை, ஒன்று பழைய மண் சரிந்து கிடந்த இடம். மிச்சமிருந்தது ஒன்பதாம் நம்பர் பீல்டு. துரை பங்களாவுக்குப் போகிற வழியில், முதல் தரத் தேயிலை. அதைத் தொடுவதற்கே தைரியம் வேண்டும். பீல்டு ஆபீசர் நல்லமுத்து முதலில் தயங்கினார். பிறகு, "வரிசைக்கு நடுவுல துளை போடுங்க. ஒரு செடி ஒடியப்படாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார்.

துரப்பணம் கொஞ்ச ஆழத்திலேயே கெட்டிப் பாறையில் முட்டியது. அங்கே ஒரு கருவியை இறக்கினார்கள்; சோதித்துக் கொண்டுவந்ததை ஊத்துச்சரிவின் அடித் துளையில் திரும்ப வைத்தார்கள். அக்டோபர் கடைசியில் மழை வந்தது. மழைக்குப் பிறகும் அந்தத் துளையில் ஒலி அசையவில்லை. தண்ணீர் பாறைமேல் வழிந்து ஓடிக்கொண்டேயிருந்தது, எங்கும் தேங்கவில்லை.

அந்த மழை நாட்களில் ஒரு மத்தியானம், ஊத்துச்சரிவின் அடியில் அவர்கள் மூவரும் குந்தியிருந்தபோது பெரியமுத்து குடையோடு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. பாக்டரியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"எனக்கும் கேக்குமா அது?" என்றார்.

மாரப்பன் தன் தலையிலிருந்த ஹெட்போனைக் கழற்றித் துடைத்து அவருக்கு மாட்டிவிட்டான். "மொதல்ல இதக் கேளுங்கய்யா. இது அழுத்தமே இல்லாதப்ப இருக்கற சத்தம்." கையிலிருந்த இன்னொரு டப்பாவின் தந்தியைச் சுண்டினான். கணீரென்று ஒலித்தது. "இப்ப மண்ணுக்குள்ள இருக்கறதக் கேளுங்க."

பெரியமுத்து கண்ணை மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து வந்த ஒலி தாழ்ந்து, தொய்ந்து, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவது போல இருந்தது. குடை அவர் கையிலிருந்து சாய்ந்து மழை முதுகில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

"மழை கூடினா இன்னும் எறங்குமா?"

"எறங்குமுங்க."

"அந்த ஒன்பதாம் நம்பர்ல?"

"அங்க வந்து கேளுங்கப்பா" என்றாள் பூமாரி.

அரை மைல் நடந்துபோய் அங்கேயும் கேட்டார். மாரப்பன் கையிலிருந்த தந்தியும் மண்ணுக்குள்ளிருந்த தந்தியும் ஒரே மாதிரி ஒலித்தன. ஹெட்போனைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். வாசலில் குடையை உதறிக்கொண்டே மனைவியிடம், "ஞாயித்துக்கிழம கூட்டம் போடணும். உம் மக பேசுவா" என்றார்.

கூட்டம் கோயிலுக்கு முன்னால் இருந்த மைதானத்தில் நடந்தது. பெரியமுத்து விஷயத்தைச் சொன்னதுமே சலசலப்பு. அழகுத்தாய் எழுந்து நின்றாள்.

"பூமாரி, நான் ஒங்கிட்டத்தான் கேக்கேன். நீ படிச்சிட்ட, நாளைக்கு எங்கயாவது நல்ல வீட்டுக்குப் போயிருவ. நாங்க இன்னும் எத்தன மழைக்கு இந்தக் கூரைக்குக் கீழ சட்டிய வச்சு ஒழுக்கு புடிக்க? வருத வீட்ட நீயே தடுத்தா எப்படி?"

பூமாரி தயார் செய்துகொண்டு வந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"மதினி, எங்க அம்மா அப்பாவும் அந்த வீட்லதான் படுக்கப்போறாக. ஒங்க வீட்டுக்குப் பக்கத்து வீடு. நீங்கதான கேட்டீக. அடிய வெட்டின பெறகு, ஒரு ஆடி மாச மழைல, நான் திருச்சூர்ல உக்காந்துக்கிட்டு, இங்க மழையான்னு பேப்பரப் பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது. வீடு வேணாம்னு நான் சொல்லல. ஒன்பதாம் நம்பர்ல கேளுங்கன்னு சொல்லுதேன். ஒரு வருஷம் தள்ளிப் போகும். தண்ணிக்குக் குழாய் போடணும். அதையும் சேத்துக் கேளுங்க."

"தொரை பங்களாவுக்குப் பக்கத்துல நமக்கு வீடு தருவாகளா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். சிலர் சிரித்தார்கள்.

பெரியமுத்து மறுபடி எழுந்தார். "இந்த வீட்டுக்காக அலைஞ்சது நான். அத வேணாம்னு சொல்ல எனக்கு வயிறு எரியாதா? ஆனா நானே போயி எங்காதால கேட்டேன். எம்மக சொல்லுதது சரி. இது செயலாளர் சொல்லுதது இல்ல, அந்த வீட்ல குடியேற இருந்தவன் சொல்லுதது." கொஞ்சம் நிறுத்தி, "யாருக்குச் சந்தேகம் இருக்கோ, நாளைக்கு வந்து கேட்டுக்கலாம்" என்றார்.

மறுநாள் நிறையப் பேர் வந்தார்கள். வரிசையில் முதலில் நின்றது அழகுத்தாய். கேட்டுவிட்டு ஹெட்போனை அடுத்தவளிடம் கொடுத்தாள். அன்று மாலை பூமாரி வீட்டில் ஒரு கிண்ணத்தில் குழிப்பணியாரம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

கம்பெனி லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. கொச்சியிலிருந்து ஒரு இன்ஜினியரை வரவழைத்தது. துரையின் ஆபீசில் கூட்டம். இந்தப் பக்கம் பெரியமுத்து, சங்கத்தின் இரண்டு பேர், பூமாரி, மாரப்பன். இன்ஜினியர் பூமாரியின் வரைபடங்களைப் புரட்டினார். மரியாதையாகத்தான் பேசினார்.

"நல்ல முயற்சி. ஆனால் இது மாணவர்கள் செய்த கருவி. நாலு துளைகளை வைத்து ஒரு திட்டத்தை மாற்ற முடியாது."

"துளை நாலுதான் சார்" என்றாள் பூமாரி. "நீங்க இடத்தத் தேர்ந்தெடுத்தப்ப எத்தன துளை போட்டீங்க?"

இன்ஜினியர் துரையைப் பார்த்தார். துரை ஜன்னலைப் பார்த்தார். துளை எதுவும் போடப்பட்டிருக்கவில்லை.

அப்போது பெரியமுத்து குறுக்கே வந்தார். "சார், எங்களுக்கு வீடுதான் வேணும். ஒரு காகிதத்துல, இந்த அடிய வெட்டினாலும் சரிவு நிக்கும், நான் பொறுப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நாளைக்கே கடைக்கால் எடுக்கோம். எம்மகள நான் வாய மூடச் சொல்லிருதேன்."

இன்ஜினியர் பேனாவை எடுக்கவில்லை. வரைபடத்தைத் தன் பக்கமாக இழுத்து, இந்தத் தடவை முதல் பக்கத்திலிருந்து படித்தார். நடுவில் மாரப்பனிடம் தந்தியைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டார். பூமாரியிடம் சரளை அடுக்கின் தடிமன் கேட்டார். கடைசியில் துரையிடம் ஆங்கிலத்தில், "நான் இங்கே கட்ட மாட்டேன்" என்றார்.

ஒன்பதாம் நம்பரில் கீழ்ப் பாதியைத் தருவதற்கு அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். ஒரு நாள் அடையாள வேலைநிறுத்தம் நடந்தது. எழுபத்து நாலாம் வருஷக் கோடையில் முதல் தேயிலை வரிசையைப் பிடுங்கினார்கள். அதைப் பிடுங்கும்போது சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், வருஷக்கணக்காக அவர்கள் கை வைத்துக் கொழுந்தெடுத்த செடிகள். குழாய்த் தண்ணீரும் ஒப்பந்தத்தில் சேர்ந்தது.

அந்த வருஷ மழையும் கடுமையாகத்தான் இருந்தது. பூமாரி தினமும் கல்லூரியிலிருந்து எஸ்டேட் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்பாள். ஊத்துச்சரிவு அசையவில்லை.

அக்டோபரில் வைவா. பெரியமுத்துவும் சாந்தம்மாளும் முதல் தடவையாகக் கல்லூரிக்கு வந்தார்கள். வாரியர் சார் அவர்களை வெளியே நிற்கவிடவில்லை. பின் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். சாந்தம்மாளுக்கு ஆங்கிலம் புரியவில்லை. கரும்பலகையில் மகள் வரைந்த கோடு எந்த மலை என்று மட்டும் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. "நம்ம ஊத்து" என்று கணவரின் முழங்கையைத் தொட்டாள்.

சென்னையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் வயதானவர், கறாரானவர். கணக்கை வரிவரியாகக் கேட்டார். பூமாரி தடுமாறவில்லை. கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழிலேயே கேட்டார்.

"உங்கள் முடிவால் ஒரு வீட்டுத் திட்டமே இடம் மாறியது என்று கேள்விப்பட்டேன். இரண்டு மழைக்காலம் போய்விட்டது. சரிவு நின்றுகொண்டுதானே இருக்கிறது? நீங்கள் சொன்னது சரி என்று எப்படித் தெரியும்?"

பூமாரி சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"அது நிக்கட்டும் சார்" என்றாள் பூமாரி. "அடிய வெட்டினா எறங்கும்னுதான் எழுதியிருக்கேன். வெட்டல. வெட்டிப் பாத்துத்தான் சரின்னு காட்டணும்னா, எனக்கு இந்தப் பட்டம் வேண்டாம். இப்ப அதுக்குக் கீழ யாரும் படுத்துத் தூங்கல. அது போதும்."

தேர்வாளர் மூடிய புத்தகத்தை ஒதுக்கி வைத்தார். பிறகு வாரியர் சாரிடம் திரும்பி, "எனக்கு வேறு கேள்வி இல்லை" என்றார்.

மாரப்பனின் வைவா அன்று பிற்பகல். அவனுடைய துறைத் தலைவரே, இதில் மின்சாரம் எங்கே என்று கேட்டவர், கருவியைக் கையில் எடுத்துத் தேர்வாளருக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார். மாரப்பன் பேசுவதற்கே சந்தர்ப்பம் கொடுக்கவில்லை. முடிந்ததும் இரண்டு துறைப் பேராசிரியர்களும் கேன்டீனில் ஒரே மேஜையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். சூசையப்பன் அந்தக் காட்சியைப் பார்க்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

வராந்தாவில் தேர்வாளர் பெரியமுத்துவின் முன்னால் நின்றார். "நீங்கதான் அப்பாவா?"

பெரியமுத்து வணக்கம் சொன்னார். மேடைகளிலும் துரை முன்னாலும் தயங்காமல் பேசுகிற மனிதர். "ஆமாங்க" என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்துகொண்டது. சாந்தம்மாள், "நான் அம்மா" என்று தானாகவே சேர்த்துக்கொண்டாள்.

எழுபத்தைந்தாம் வருஷம் தை மாதம் புது வீடுகளில் குடி புகுந்தார்கள். ஒன்பதாம் நம்பரில் வெள்ளையடித்த இரண்டு வரிசை. அழகுத்தாய் பக்கத்து வீட்டையே கேட்டு வாங்கினாள். அடுப்படியில் நின்றுகொண்டு குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடி, தன் மாமியாரிடம், "பூமாரி சொன்ன எடம்" என்றாள், ஏதோ அந்த மலையையே பூமாரி கொண்டுவந்து வைத்த மாதிரி. மாரப்பன் தன் அம்மா பெரியம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஊடு நல்லாருக்குதுங்க. செவுத்துல ஒரு வெடிப்புக்கூடக் காணமுங்க" என்று சாந்தம்மாளிடம் சொன்னார்.

அன்று பிற்பகல், பந்தியில் கடைசி இலை எடுத்துக்கொண்டிருக்கும்போது, கம்பளிக் கோட்டு போட்ட நாலு பேர் படியேறி வந்தார்கள். மாட்டுப்பட்டிக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு எஸ்டேட்டின் சங்கக்காரர்கள். முன்னால் வந்தவர் பொன்ராஜ் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். தங்கள் லயத்துக்கு மேலே, மலையில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது, போன மழைக்கு ஒரு விரல் நுழைகிற அளவு, இப்போது கை நுழைகிறது என்றார். யாரிடம் போவது என்று தெரியாமல் விசாரித்து வந்திருக்கிறார்கள்.

"இங்க மண்ணு பாக்கிற இன்ஜினியர் இருக்காருன்னு சொன்னாங்க. அவரப் பாக்கணும்."

பெரியமுத்து கையைத் துடைத்துக்கொண்டு உள்பக்கம் திரும்பினார்.

"தாயி பூமாரி, உன்னப் பாக்க வந்திருக்காக" என்று கூப்பிட்டார். இரண்டு வரிசை வீடுகளுக்கும் கேட்கிற குரலில்.

அவள் வந்து நின்றாள். பொன்ராஜ் அவளுக்குப் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். பிறகு புரிந்து, கும்பிட்டார்.

"உக்காருங்கண்ணே" என்றாள் பூமாரி. "மொதல்ல சாப்பிடுங்க. கீறல் எந்தப் பக்கம் பாத்து ஓடுது, அதுக்குக் கீழ எத்தன வீடு இருக்கு, எல்லாத்தையும் நிதானமாச் சொல்லுங்க." திரும்பி மாரப்பனைப் பார்த்தாள். அவன் அதற்குள் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.